நனையாத இடம்

பேய், பிசாசு, முனி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய் வேறு வேலை பார்க்கிறவள் நான். தோட்டத்தில் இருந்தபோது ஆற்றோரத்து ரப்பர் நிரையில் வெள்ளையாக என்னமோ நிற்கிறது என்று ஆம்பிளைகளே கும்பல் சேர்ந்துதான் பால் வெட்டப் போவார்கள், நான் தனியாக அதே வழியில் போய் விறகு பொறுக்கிக்கொண்டு, நிற்கிறதாகச் சொன்ன அந்தப் பக்கமாகத் திரும்பி நன்றாக நாலு வசவும் கொடுத்துவிட்டு வருவேன். ஒன்றும் வந்து என்னைப் பிடிக்கவில்லை. பயம் என்றால் என்ன என்று தெரியாது என்று பீற்றிக்கொள்ளவில்லை, எனக்கு அந்த மாதிரிப் பேச்சே பிடிக்காது, அவ்வளவுதான். உன் உதடு துடிக்கிறது தம்பி, சிரிப்பை அடக்குகிறாய், தெரிகிறது. இப்போதே சிரித்துவிடு. நடுவில் சிரித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும், பிறகு மீதியைச் சொல்ல மாட்டேன்.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முன்னால் நடந்தது இது. என் அண்ணன் பத்து பாகாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தார், ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிற உத்தியோகம். என் புருஷன் சிங்கப்பூருக்கு வேலை தேடிப் போகிறேன் என்று கப்பலேறினவன் அப்படியே போய்விட்டான். அதனால் நான் அண்ணன் வீட்டோடு ஒட்டிக்கொண்டேன். அண்ணிக்கு என்னைக் கண்டாலே ஆகாது. எனக்கும் அவளைக் கண்டால் ஆகாது, அதில் ஒளிவு மறைவு ஒன்றும் கிடையாது. அவள் ஒன்று சொன்னால் நான் இரண்டு சொல்வேன். சாப்பாட்டுத் தட்டை அவள் என் முன்னால் வைக்கிற சத்தத்திலேயே அன்றைக்கு என்ன கோபம் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

தோட்டம் கைமாறியது, புதுத் துரை தன்னுடைய ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தான், அண்ணன் வேலையும் போயிற்று, தோட்டத்து வீடும் போயிற்று. டவுனில் ஒரு மளிகை மண்டியில் எழுத்து வேலை கிடைத்தது. டவுனை ஒட்டின கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், முன்பே ஒரு துண்டு நிலம் வாங்கிப் போட்டிருந்தார், அங்கேயே பின்பக்கமாக ஒரு அத்தாப்பு ஓலைக் குடிசை போட்டு எங்களைக் குடிவைத்துவிட்டு, முன்பக்கம் செங்கல் வீட்டுக்கு அஸ்திவார வானம் தோண்ட ஆரம்பித்தார். சுற்று வட்டாரத்தில் எல்லாம் பலகை வீடும் அத்தாப்புக் கூரையும்தான், நம் ஆள் ஒருத்தன் செங்கல் வீடு கட்டுகிறான் என்றால் எத்தனை கண் பட்டிருக்கும் என்று யோசித்துப் பார்.

வானம் தோண்டி முடிக்கிற சமயத்தில்தான் அண்ணி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, ஏறாத கோயில் இல்லை, வைக்காத நேர்த்தி இல்லை என்று அலுத்துப்போய் விட்டுவிட்ட பிறகு வந்த குழந்தை. வயிற்றுப்பிள்ளைக்காரியை வைத்துக்கொண்டு சுவர் எழுப்பக் கூடாது, நிறுத்தி வை என்று தெரிந்தவர் எல்லாம் சொன்னார்கள். அண்ணன் கேட்கவில்லை.

“அலமாக், மழைக்காலம் வரப்போகுது. இந்தக் குடிசைல தரையெல்லாம் சேறா போயிரும். அந்தச் சேத்துலயா எம்புள்ள பொறக்கணும்? ஓட்டு வீட்டுலதான் பொறக்கணும், அவ்வளோதான்” என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. போன மழைக்கே குடிசைக்குள் அட்டைப்பூச்சி ஏறியிருந்தது. அந்தக் குழந்தை நல்லபடியாகப் பிறந்து பிழைக்க வேண்டும், எங்கள் மூன்று பேருக்கும் வேறு நினைப்பே இல்லை. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அண்ணியைப் பிடிக்காது, ஆனால் அவள் வயிற்றில் இருந்ததை எனக்குப் பிடித்திருந்தது. எனக்கென்று ஒன்றும் இல்லாதவள், அதையாவது மடியில் போட்டுக்கொள்ளலாம் என்று நாள் பூராவும் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

வாசல் நிலை வைக்கிற நாள் வந்தது. சுவர் முழங்கால் உயரம்கூட வரவில்லை, ஆனால் நிலையை நிறுத்திவிட்டுத்தான் மேலே கட்டுவார்கள், அதனால் வெட்டவெளியில் அந்த மரச்சட்டம் மட்டும் தனியாக நிற்கும். நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைக்கிறது எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரனோடு கூடப்பிறந்தவளின் உரிமை. வைத்து முடித்து, தேங்காய் உடைத்து, விளக்கு காட்டி, அந்த விளக்கை உள்ளே கொண்டுபோன பிறகுதான் மனுஷர் அதன் வழியாக நுழைய வேண்டும். அதுவரைக்கும் கொத்தனார்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவார். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். நான் குளித்து, இருந்ததில் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, மஞ்சள் தட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். அண்ணி வழி மறித்தாள்.

“வெச்சிரு அந்தத் தட்ட.”

“ஏன் அண்ணி?”

“புருஷன் விட்டுட்டுப் போனவ கை பட்ட வாசல்லயா எம்புள்ள நொழையணும்? குடு இப்படி.”

வந்திருந்த சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. தட்டை அவள் கையில் கொடுக்கவில்லை, தரையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் நின்றுகொண்டேன். “நல்ல நாளும் அதுவுமா ஏம்மா...” என்று அண்ணன் இழுத்தார். அண்ணியே மஞ்சள் வைத்தாள். வைத்தவள் அதோடு நிற்கவில்லை, இது யார் வீடு என்று எனக்குக் காட்ட வேண்டுமே, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிலைக்குள் காலை வைக்கப் போனாள்.

“அம்மா, வேணாம்மா! வெளக்கு இன்னும் காட்டல!” என்று முனியாண்டிக் கொத்தனார் கத்தினார்.

“எங்க வீட்டுக்குள்ள போறதுக்கு உங்கிட்ட கேக்கணுமா?” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

அப்போது ஒன்றும் நடக்கவில்லை. காற்று அடிக்கவில்லை, நாய் குலைக்கவில்லை, நீ நினைக்கிற மாதிரி எதுவும் இல்லை. உள்ளே போனவள் சட்டென்று நின்று, முந்தானையை உடம்போடு இழுத்துக்கொண்டு, திரும்பிப் பின்னால் முறைத்தாள். எனக்கென்றே வைத்திருக்கிற முறைப்பு அது, எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. நான் கிணற்றடியில் நின்றேன். கோபத்தில் கண் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

அதன் பிறகு சுவர் மளமளவென்று எழும்பியது. கட்டின சுவருக்குக் காலையிலும் சாயங்காலமும் தண்ணீர் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் சாந்து பிடிக்காமல் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அந்த வேலை எனக்கு. கிணற்றில் இறைத்து, மண்ணெண்ணெய் டின்னில் நிரப்பி, தூக்கிக்கொண்டு போய்ச் சுவரின் மேல் விசிறி ஊற்ற வேண்டும். செங்கல் சர்ரென்று உறிஞ்சி ஒரே நிமிஷத்தில் கறுத்துப் போகும். சுடச்சுட இருக்கிற செங்கல்லில் தண்ணீர் பட்டால் ஒரு வாசனை வரும் பார், அது எனக்குப் பிடிக்கும். அந்த வேலையில் மட்டும் நான் முகம் சுளித்ததில்லை.

ஒரு சாயங்காலம் வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் ஊற்றினேன். சுவர் முழுக்கக் கறுத்தது, நடுவில் ஒரு இடம் மட்டும் வெளுப்பாகவே நின்றது. தண்ணீர் படவில்லை என்று இன்னொரு டின் ஊற்றினேன். அப்போதும் அப்படியே. கிட்டப் போய்ப் பார்த்தால் தண்ணீர் அந்த இடத்துக்கு வந்ததும் இரண்டு பக்கமும் விலகி ஓடுகிறது. தள்ளி நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, மேலே தலை, கீழே தோள், இரண்டு பக்கமும் தொங்குகிற கை. மழையில் ஒருத்தர் சுவரோடு முதுகை ஒட்டி நின்றால் அந்த ஆள் மறைத்த இடம் மட்டும் காய்ந்திருக்குமே, அதுமாதிரி இருந்தது. நம்பினால் நம்பு, நம்பாவிட்டால் போ, நான் அப்போதும் பயப்படவில்லை. செங்கல் சூளையில் எண்ணெயைக் கொட்டியிருப்பான்கள் என்று சூளைக்காரனைத் திட்டினேன்.

அண்ணி பார்த்துவிட்டாள். “பாத்தீங்களா உங்க தங்கச்சிய? ஊத்துற தண்ணிலகூட வஞ்சகம். எம்புள்ள இருக்கப் போற வீட்டுச் சுவரு இடிஞ்சு விழணும்னு நெனப்பு” என்று அண்ணனிடம் போய்க் கரித்துக் கொட்டினாள். அண்ணன் என்னைக் கூப்பிட்டு, “ஒழுங்கா ஊத்து பாக்கியம், ஏன் பிரச்சனை பண்ற?” என்றார். பிரச்சனை பண்ணுகிறேனாம். கை கொப்பளித்துப் போகிற அளவுக்கு இறைத்துக் கொட்டுகிறவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது?

முனியாண்டிக் கொத்தனார் வந்து தடவிப் பார்த்தார். கல் கோளாறு என்று சொல்லி, அந்த இடத்துக் கற்களை எல்லாம் தட்டிப் பெயர்த்து எடுத்துவிட்டு வேறு கல் வைத்துக் கட்டினார். சாயங்காலம் ஊற்றினேன், நன்றாகக் கறுத்தது. அப்பாடா என்று கூடத்துச் சுவருக்குப் போய் ஊற்றினால், அங்கே நிற்கிறது. அதே தலை, அதே தோள். கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தொடவில்லை, தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஒரே எடத்துல இருந்தா கல்லு சரியில்லன்னு சொல்லலாம் தங்கச்சி. நடந்து வருதே, அதுக்கு நான் என்னா சொல்றது?” என்றார்.

அன்றிலிருந்து பொழுது சாய்வதற்கு முன்பே கரணையைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார், என்ன கெஞ்சினாலும் இருக்க மாட்டார். அது கூடத்துச் சுவரில் கொஞ்ச நாள் நின்றது. பிறகு நடையில். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குள்ளே இன்னும் கொஞ்சம் தள்ளி. கடைசியில் பின்பக்கத்து அறைக்குப் போய்விட்டது. அந்த அறையைத்தான் பிரசவத்துக்கென்று அண்ணன் ஒதுக்கி வைத்திருந்தார்.

அங்கே அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. கூரை இன்னும் போடவில்லை, வெளிச்சம் நன்றாக இருந்தது, கம்பத்துப் பிள்ளைகள் தெருவில் விளையாடுகிற சத்தம்கூடக் கேட்டுக்கொண்டிருந்தது. பயம் வந்தால் எனக்கு அதுவும் கோபமாகத்தான் வரும். “யாரு நீ? எதுக்கு இங்க வந்து நிக்கிற? போ வெளிய!” என்று கத்திக்கொண்டே டின்னை இரண்டு கையாலும் தூக்கி முழுத் தண்ணீரையும் அதன் மேல் வீசினேன். அந்தத் தண்ணீர் சுவரில் படவே இல்லை, தம்பி. பாதியிலேயே அடித்துத் திருப்பின மாதிரி என் முகத்தில் வந்து அறைந்தது. வெறும் தண்ணீர்தான், ஆனால் அறை வாங்கின கன்னம் மாதிரி எரிந்தது, உதடு கிழிந்து ரத்தம் வந்தது. டின் எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியாமல் வெளியே ஓடி வந்தேன்.

அண்ணனிடம் சொன்னேன். கெஞ்சிச் சொன்னேன். “அந்த ரூம்புல மட்டும் வேணாண்ணே, குடிசையிலயே பொறக்கட்டும், நான் மேடை போட்டு எடம் பண்ணித் தரேன்” என்று அவர் காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். அவர் பதில் சொல்வதற்குள் அண்ணி வந்துவிட்டாள். “நான் அந்த வீட்டுல கால் வெக்கக் கூடாது, அதான இவளுக்கு வேணும்? வா, நானே ஊத்திக் காட்டுறேன்” என்று என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவள், டின்னைத் தூக்காதீர்கள் என்று நான் பிடுங்கப் போனால் என் கையைத் தட்டிவிட்டாள். அறையில் அது நின்றுகொண்டிருந்தது, காலையில் நான் நனைத்த ஈரத்துக்கு நடுவில் வெளுப்பாக. அண்ணி நேராக அதன் முன்னால் போய் நின்று ஊற்றினாள்.

தண்ணீர் நேராகச் சுவரில் பட்டது. வெளுப்பாக இருந்த இடம் எங்கள் கண் முன்னாலேயே தலையிலிருந்து கீழே வரைக்கும் கறுத்துக்கொண்டே வந்தது. சுவர் முழுக்க ஒரே நிறமாகிவிட்டது. அண்ணி டின்னைத் தரையில் வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“பாத்தியா? நான் ஊத்தினா நனையுது. அம்மாடி, புள்ளகூட என்னா ஒதை ஒதைக்குது பாரு, அதுக்கும் சந்தோஷம்.”

என் மானம் போயிற்று. வேண்டுமென்றே ஊற்றாமல் கதை கட்டினாள் என்று கம்பம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. பிரசவம் முடிந்ததும் இவள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டாள், அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு எந்தச் சுவரில் ஊற்றினாலும் கறுத்தது, ஒரு விரல்கடை இடம்கூட விடாமல் கறுத்தது. அது போய்விட்டது என்றுதான் நானும் நினைத்தேன். ஓடு வேய்ந்தார்கள், கதவு மாட்டினார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள். மழை பிடிப்பதற்கு முன்னால் பால் காய்ச்சிக் குடிபோனோம். நல்ல வீடு, இல்லை என்று சொல்ல முடியாது. எவ்வளவு மழை அடித்தாலும் உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை.

அந்த அறையிலேயே குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. பகல் நேரம், வெளியே மழை. பிரசவம் பார்க்க வந்தவள் பக்கத்துக் கம்பத்து மலாய்க்கார பிடான், மாக் சோம் என்று கூப்பிடுவோம், கைராசிக்காரி. குழந்தை நன்றாக வீறிட்டு அழுதது. அண்ணன் வெளியே நின்று அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் ஒரே அழுகை, அண்ணியின் நெற்றி வியர்வையை என் முந்தானையாலேயே துடைத்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள். மாக் சோம் குழந்தையைக் குளிப்பாட்ட மூலைக்குக் கொண்டுபோனாள், நான் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தேன். முதுகுப் பக்கம் திருப்பித் தண்ணீர் விட்டவள் அப்படியே நின்றாள். துணியால் துடைத்தாள். மறுபடியும் விட்டாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஜாங்கான் சாக்காப்” என்றாள் மெதுவாக. பேசாதே என்று அர்த்தம். கண்ணால் கட்டிலைக் காட்டினாள், அவளிடம் சொல்லாதே என்று.

நான் குனிந்து பார்த்தேன். குழந்தையின் முதுகு முழுக்க ஈரம் மினுமினுக்கிறது, நடுவில் மட்டும் ஒரு உள்ளங்கை அளவு காய்ந்து கிடக்கிறது. உள்ளங்கை அளவு என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. உள்ளங்கையேதான், விரல்களோடு, பெரிய ஆளுடைய கை. பிறந்த குழந்தைக்கு முதுகு எவ்வளவு இருக்கும், கிட்டத்தட்ட முழுவதையும் பிடித்துக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன், மாவைத் தொட்ட மாதிரி இருந்தது. மாக் சோம் அவசர அவசரமாகத் துணியைச் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு, வாயில் என்னமோ ஓதிக்கொண்டே போய்விட்டாள், பிறகு எத்தனை தடவை ஆள் விட்டும் அவள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அன்றிலிருந்து குழந்தையை நான்தான் குளிப்பாட்டினேன். காலை நீட்டி உட்கார்ந்து, குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து, கதவைச் சாத்திக்கொண்டு. பச்சை உடம்புக்காரிக்கு இது தெரிந்தால் அவள் தாங்க மாட்டாள், பால் வற்றிவிடும், குழந்தை பிழைக்காது, அதுதான் எனக்கு இருந்த ஒரே கவலை. போகச் சொன்னார்கள், நான் போகவில்லை. திட்டினாள், வாங்கிக்கொண்டேன். நான் இப்படி வாயை மூடிக்கொண்டிருந்தது அண்ணிக்கு இன்னும் பெரிய சந்தேகமாகிவிட்டது. குழந்தை தவழ ஆரம்பித்த சமயத்தில் ஒரு நாள் கதவை உதைத்துத் திறந்துகொண்டு வந்தாள்.

“கதவ சாத்திக்கிட்டு எம்புள்ளைக்கு என்னா மருந்து வெக்கிற? பெத்தவ நானா நீயா?”

“அண்ணி, சொன்னா கேளுங்க, நான் குளிப்பாட்டிக் கொண்டாறேன்.”

“தள்ளுடி!”

குழந்தையைப் பிடுங்கினாள். செம்பை எடுத்து அவளே ஊற்றினாள். ஒரு தடவை ஊற்றினாள், இன்னொரு தடவை ஊற்றினாள், செம்பு கையிலிருந்து நழுவியது. ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். குழந்தை ஒன்றும் புரியாமல் அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

“எப்பருந்து?”

“பொறந்த அன்னைலேருந்து.”

அண்ணி குழந்தையின் முதுகைத் துணியால் மூடினாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள். “நெலை வெச்ச அன்னைக்கு நான் உள்ள போனேன்ல, அப்ப யாரோ என்னை ஒரசிக்கிட்டு கூடவே நொழைஞ்சாங்க பாக்கியம். நீதான் என்கூடப் போட்டிக்கு நொழையறேன்னு நெனச்சேன். அதான் மொறைச்சேன். வேற யாரோன்னு தெரிஞ்சிருந்தா அந்த எடத்துலயே நின்னிருப்பேனே.”

நான் கீழே விழுந்த செம்பை எடுத்து வைத்தேன். அத்தனை வருஷத்தில் அவள் பாக்கியம் என்று என் பெயரை ஒழுங்காகச் சொன்னது அன்றைக்குத்தான். அதற்காக எங்களுக்குள் பிரியம் வந்துவிட்டது என்று நினைக்காதே. அவளுக்கு அந்த முதுகில் தண்ணீர் ஊற்றத் தைரியம் இல்லை, அதனால் நான் அந்த வீட்டில் வேண்டும், அவ்வளவுதான். கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினோம். மலாய்க்கார மந்திரவாதி, போமோ என்பார்கள், ஒருத்தரிடம் கொண்டுபோனோம், எலுமிச்சைத் தண்ணீரை ஒரு தடவை ஊற்றிப் பார்த்தவர் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணன் அந்த வீட்டை விற்றுவிட்டு வேறு இடம் போனார், அதனாலும் ஒன்றும் மாறவில்லை. ஜப்பான் காலத்தில் அண்ணி காய்ச்சலில் போனாள். போகிற அன்றைக்கு என் கையை வலிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டு, “அவன மழையில விடாத” என்றாள், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் குழந்தைக்குச் செல்வம் என்று பேர் வைத்திருந்தோம், நன்றாகத்தான் வளர்ந்தான். நோய் நொடி இல்லை, படிப்பும் வந்தது. முதுகில் தேமல் இருக்கிறது, ஊருக்கு முன்னால் சட்டையைக் கழற்றாதே என்று சின்ன வயதிலேயே சொல்லி வைத்துவிட்டேன், அவனும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது தம்போயில் ஒரு பட்டறையில் வேலை, இன்னும் கல்யாணம் ஆகவில்லை, ஆகவும் நான் அவசரப்படுத்தவில்லை. மோட்டார் சைக்கிளில் என்னைப் பார்க்க வருவான். மழையில் நனைந்து வந்தால் நான் முதலில் அவன் சட்டையின் முதுகைத்தான் பார்ப்பேன், நடுவில் அந்தக் கை காய்ந்து தெரியும். சின்ன வயதில் நடு முதுகில் இருந்தது, பிறகு தோள்பட்டை உயரத்துக்கு ஏறி வந்தது. வளர்கிற உடம்பு, இடம் மாறித் தெரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

போன மழைக்கு வந்தான் பார். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொட்டச் சொட்ட உள்ளே வந்து, செருப்பைக் கழற்றக் குனிந்தான். முதுகைப் பார்த்தேன். முழுக்க ஈரம். மேலிருந்து கீழே வரைக்கும் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, ஒரு இடம் விடாமல். எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல, வாய்விட்டே சிரித்துவிட்டேன்.

“என்னா அத்தை, தனியா சிரிக்கிறீங்க?”

“ஒண்ணுமில்லடா, ஒக்காரு. தலைய தொடைச்சு விடுறேன், சளி பிடிக்கும்.”

நாற்காலியில் உட்கார்ந்தான். நான் பின்னால் நின்று துண்டை அவன் தலையில் போட்டு அழுத்தித் துடைத்தேன். தண்ணீர் முடியிலிருந்து பின்கழுத்தில் வழிந்தது, வழிந்தது பாதியில் இரண்டாகப் பிரிந்தது. கழுத்தின் ஒரு பக்கம் நாலு விரல், மறு பக்கம் கட்டைவிரல், நடுவில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. விரல்நுனி எல்லாம் முன்பக்கம் போயிருந்தது. நான் கையை அசைக்காமல் நின்றேன்.

“மெதுவா அத்தை” என்றான் செல்வம், “கழுத்த ஏன் இப்படி இறுக்குறீங்க?”

என் இரண்டு கையும் அப்போது துண்டோடு அவன் உச்சந்தலையில் இருந்தன.